தொல்குடி மக்களுடன் கூட்டுத்தொழில்: ஒப்புதலை யாரிடம், எப்போது கேட்பது?

செந்தாழை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் வாடிக்கையாளரான உற்பத்தி நிறுவனம், ஒரு தொல்குடிச் சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவரும் மூலிகையிலிருந்து சத்துப்பொருள் ஒன்றைத் தயாரித்து விற்க விரும்புகிறது. அச்சமூகத்தினருடன் பேசி, இரு தரப்பும் ஏற்கும் ஒப்பந்தத்தை உருவாக்கும் பொறுப்பு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வாடிக்கையாளரின் கால அட்டவணையில் சமூக ஒப்புதலுக்கு ஆறு வாரங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆய்வகச் சோதனைகளோ ஏற்கெனவே தொடங்கிவிட்டன.

இந்த வரிசையே எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் அதை மாற்றச் சொல்வதற்கு என் மேலதிகாரிகளிடம் முன்வைக்கத் தக்க காரணங்கள் வேண்டும். அச்சமூகத்தில் யாரிடம் முதலில் பேச வேண்டும்? ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எந்தக் கட்டத்தில் சொல்லலாம்? அவர்களுக்கு உரிய பங்கு எது என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்வது? இத்தகைய பணியில் அனுபவம் உள்ளவர்களோ, இதைப் படித்தறிந்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மலைத்தேன்:

உங்கள் உறுத்தல் நியாயமானது. அதைக் காரணங்களுடன் எழுதிக் கொடுக்கவும் முடியும். தொல்குடி மக்களின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் அவை 2007 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட பிரகடனம், அவர்களைப் பாதிக்கும் முடிவுகளுக்கு அவர்களுடைய சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்புகளின் வழியாக, கட்டாயமின்றி, முன்கூட்டியே, விவரங்களை அறியச் செய்து ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. முன்கூட்டியே என்பதற்கு இங்கே முழுப் பொருளும் உண்டு. மூலிகைகள், மரபணு வளங்கள் ஆகியவற்றைப் பொறுத்தவரை 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை என்னும் பன்னாட்டு ஒப்பந்தம் இன்னும் நேரடியானது. வளத்தோடு இணைந்த மரபறிவை அணுகுவதற்கே ஒப்புதல் வேண்டும் என்பது அதன் ஏழாம் பிரிவு. உங்கள் வாடிக்கையாளர் அந்த அறிவை வைத்துத்தான் மூலிகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால், ஆய்வகக் கதவு திறப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆகவே சோதனைகளை இப்போதே நிறுத்திவைத்துவிட்டு, இதுவரை என்ன செய்யப்பட்டது என்பதை அச்சமூகத்திடம் முதல் சந்திப்பிலேயே மறைக்காமல் சொல்லும்படி வாடிக்கையாளருக்கு நீங்கள் ஆலோசனை கூற வேண்டும்.

யாரிடம் பேசுவது என்பதற்குக் கேரளத்தின் காணிப் பழங்குடி மக்களின் அனுபவத்தைக் கூர்ந்து படியுங்கள். 1987 டிசம்பரில் அகத்தியமலைப் பகுதிக்கு ஆய்வுக்காகச் சென்ற அறிவியலாளர்கள், தங்களுக்கு வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்கள் ஒரு சிறு பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பின்றி ஏறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, பத்து லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் இரண்டு விழுக்காடு ராயல்டிக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் வழங்கியது. கிடைப்பதில் பாதியைக் காணிகளுக்குத் தருவதென்று அந்த ஆய்வு நிறுவனம் தானாகவே முடிவு செய்தது. அதைப் பெறுவதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் எந்தச் சட்டமும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. உலகெங்கும் அது முன்மாதிரியாகப் பேசப்பட்டதற்கு அதுவே காரணம். அந்தப் பாராட்டு அதற்கு உரியதுதான்.

ஆயினும் காணிகள் பல குடியிருப்புகளில் பிரிந்து வாழ்பவர்கள். வழிகாட்டிகளாக வந்தவர்களின் பகுதியில் பலரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை, பிற பகுதிகளில் பலர் ஏற்கவில்லை. மரபு மருத்துவத்தைக் காத்துவரும் பிளாத்திகளில் சிலர், இந்த அறிவை வெளியாருக்குத் தருவதற்கே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். செடியின் இலைகளைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறையின் தடைகளும் குறுக்கே நின்றதால், மூலப்பொருளை விளைவித்து விற்று வருமானம் பெறலாம் என்ற எதிர்பார்ப்பும் முழுமையாக நிறைவேறவில்லை. நல்லெண்ணம் கொண்டவர்கள் நடத்திய முயற்சியிலேயே இவ்வளவு சிக்கல் எழுந்ததென்றால், ஆறு வாரங்களில் யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உங்கள் மேலதிகாரிகளே ஊகித்துக்கொள்வார்கள்.

எனவே முதலில் செய்ய வேண்டியது பேச்சுவார்த்தை அன்று. அச்சமூகத்தில் இத்தகைய விஷயத்தை முடிவு செய்பவர்கள் யார், அவர்கள் எப்படிக் கூடுவார்கள், எவ்வளவு காலம் எடுத்துக்கொள்வார்கள், வெளியாரிடம் சொல்லக்கூடாதவை எவை என்பவற்றை அவர்களிடமே கேட்டறிவதுதான் முதற்பணி. அரசு அங்கீகரித்த தலைவர், தேர்தலில் வென்ற உறுப்பினர், மரபுவழி மூத்தோர், மூலிகையைக் கையாளும் பெண்கள் ஆகிய நால்வரும் நான்கு விதமாகச் சொல்லக்கூடும். அவர்களில் நமக்கு வசதியானவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆலோசகருக்கு இல்லை.

நிலவழி:

மலைத்தேன் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எப்போது சொல்லலாம் என்ற இரண்டாவது கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நிறுவனங்கள் அதிகம் இடறுவது அங்கேதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூகான் பள்ளத்தாக்கில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் புழங்கியதற்குச் சான்றுகள் கொண்ட பாறைக் குடில்களை, இரும்புத் தாதுச் சுரங்க விரிவாக்கத்துக்காக ரியோ டின்டோ நிறுவனம் 2020 மே மாதம் வெடிவைத்துத் தகர்த்தது. அந்நிலத்துக்கு உரியவர்களான புட்டு குந்தி குர்ராமா, பினிகூரா மக்களுடன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தது. அரசின் அனுமதியும் 2013இலேயே பெறப்பட்டிருந்தது. அனுமதிக்கு அடுத்த ஆண்டு நடந்த அகழாய்வில், இன்றைய சந்ததியினருடன் மரபணுத் தொடர்புடைய, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையான தலைமுடிப் பின்னல் உள்ளிட்ட அரிய பொருள்கள் கிடைத்தன. இந்தப் புதிய அறிவுக்குப் பிறகும் பழைய அனுமதியே போதும் என்று கருதப்பட்டது. சுரங்கத்தை விரிவாக்க நான்கு வழிகள் ஆராயப்பட்டன என்பதும், அவற்றில் மூன்று அந்தக் குடில்களைத் தொடாதவை என்பதும் பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. அந்த மாற்று வழிகள் அம்மக்களுக்குச் சொல்லப்படவே இல்லை. நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரும் உயர் அலுவலர்கள் இருவரும் பதவி விலக நேர்ந்தது. குடில்கள் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

இதிலிருந்து உங்கள் ஒப்பந்தத்துக்கு நான் எடுத்துக்கொள்வது இதுதான்: எந்தெந்த மாற்று வழிகள் உள்ளன என்பதை அறியாதவர் கொடுத்த சம்மதத்தை, விவரமறிந்த சம்மதம் என்று கூற இயலாது. மேலும், சம்மதம் ஒருமுறை பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ளும் பொருளும் அன்று. மூலிகையிலிருந்து புதிய பயன் ஒன்று கண்டறியப்பட்டாலோ, உரிமம் வேறு நிறுவனத்துக்குக் கைமாறினாலோ, தயாரிப்பு அளவு பெருகினாலோ மீண்டும் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சமூகத்தினர் வெளியில் குறை சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டும் விதிகளை வாடிக்கையாளரின் வழக்கறிஞர்கள் சேர்க்க முயன்றால், அவற்றை நீக்குவதற்கு நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்.

இன்னொன்று. அரசு செய்ய வேண்டிய கலந்தாய்வை நிறுவனம் செய்துவிட்டதாகக் காட்டவும் முடியாது. எக்குவடோரின் சரயாக்கு மக்கள் தொடுத்த வழக்கில் 2012இல் தீர்ப்பளித்த அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், கலந்தாய்வு அரசின் கடமை என்றும், அந்த நிலத்தில் எண்ணெய் எடுக்க விரும்பும் நிறுவனத்திடமே அதை ஒப்படைத்துவிட்டு அரசு விலகிக்கொள்ள முடியாது என்றும் தெளிவாகக் கூறியது. சமூகத்திற்குள் தனித்தனி ஆட்களுக்குப் பணமும் சலுகைகளும் அளித்து ஆதரவு திரட்ட அந்த நிறுவனம் முயன்றதும் அவ்வழக்கில் பதிவாகியிருக்கிறது. ஒரு சமூகத்தை உள்ளுக்குள் பிளக்கும் முறையில் பெறும் எந்த ஆதரவையும் ஒப்புதல் என்று உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள்.

செந்தாழை:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனைகளை நிறுத்திவைக்கும்படி எழுத்தில் பரிந்துரைக்கப்போகிறேன். பங்கு குறித்த கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. வாடிக்கையாளர் நிகர லாபத்தில் ஒரு விழுக்காடும், ஒரு பள்ளிக் கட்டடமும் தருவதாகச் சொல்கிறார். அதைத் தாராளமான நன்கொடை என்றே அவர் உண்மையில் நம்புகிறார். இதைச் சமூகத்தின் முன் இப்படியே வைக்கலாமா?

கடலோடி:

வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளிக் கட்டடம் ஒரு தனி விஷயம். அதைப் பேரத்தில் கலந்தால், கட்டடம் வேண்டுமென்றால் மூலிகையைக் கொடு என்று கேட்பதாகிவிடும். நிகர லாபத்தில் விழுக்காடு என்பதும் ஏமாற்றத்துக்கு இடம் தருவது. செலவுக் கணக்குகளை எழுதுபவர் நிறுவனமே என்பதால், நல்ல விற்பனை நடந்த ஆண்டிலும் லாபமில்லை என்று காட்ட முடியும்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் பசியையும் தாகத்தையும் அடக்கப் பயன்படுத்தும் ஹூடியா செடியின் வரலாறு இதற்குப் பாடம். அந்நாட்டின் அரசு ஆய்வு மன்றம் அதிலுள்ள கூறுகளுக்குக் காப்புரிமை பெற்று, பிரிட்டன் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் அளித்தபோது சான் மக்களிடம் கேட்கவில்லை. அவர்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பிறகு, 2003இல், மன்றம் பெறும் ராயல்டியில் ஆறு விழுக்காடும், ஆய்வின் படிநிலைகளில் கிடைக்கும் தொகைகளில் எட்டு விழுக்காடும் அவர்களுக்கு என்று ஒப்பந்தமானது. கவனியுங்கள், விற்பனையில் அன்று, மன்றத்துக்குக் கிடைப்பதில் அந்தப் பங்கு. பின்னர் பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டதால், எதிர்பார்த்த பெருந்தொகை வரவேயில்லை. இதே நாட்டில் ரூயிபோஸ் என்னும் மூலிகைத் தேயிலைக்காக 2019இல் சான், கோய் மக்களுடன் செய்யப்பட்ட ஒப்பந்தம் வேறு வகையானது. பண்ணையில் தேயிலைக்குத் தரப்படும் விலையின் மீதே ஒன்றரை விழுக்காடு கணக்கிடப்படுகிறது. தொகை சிறியதாகத் தோன்றினாலும், லாபக் கணக்கைச் சார்ந்திராததால் வெளிப்படையானது. அடிப்படை எது என்பதை முதலில் பேசிவிட்டு விழுக்காட்டைப் பிறகு பேசச் சொல்வது இதனால்தான்.

இன்னும் மேலே போகவும் இடமுண்டு. கனடாவில் மிக்மாக் மக்களின் சமூகங்கள் ஒன்றுகூடி, ஓர் உணவு நிறுவனத்துடன் இணைந்து, கிளியர்வாட்டர் என்னும் பெரிய கடலுணவு நிறுவனத்தை வாங்கின. 2020 இறுதியில் அறிவிக்கப்பட்ட அந்தப் பரிவர்த்தனையின் மதிப்பு ஏறத்தாழ நூறு கோடி கனடிய டாலர். உடைமையில் பாதி மிக்மாக் மக்களுடையது. அதற்கான கடனை, தொல்குடிச் சமூகங்களுக்கென அமைந்த நிதி ஆணையம் நீண்டகாலத் தவணையில் வழங்கியது. எல்லாச் சமூகமும் எல்லாத் தொழிலிலும் பங்குதாரராக விரும்பும் என்று நான் சொல்லவில்லை. சிலர் நட்டத்தின் சுமையை ஏற்க விரும்பாமல் உறுதியான கட்டணத்தையே கேட்பார்கள், அதுவும் மதிக்கத் தக்க முடிவுதான். ஆனால் உடைமை, இயக்குநர் குழுவில் இடம், மூலப்பொருளைத் தாங்களே பயிரிட்டு விற்பது, வணிகப் பெயரின் மீதான உரிமை ஆகியவையும் மேசையில் இருக்கின்றன என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் வாடிக்கையாளரை நன்கொடையாளர் என்ற நினைப்பிலிருந்து இறக்கி, அடுத்தவர் உடைமையைப் பயன்படுத்த அனுமதி கேட்பவர் என்ற இடத்தில் அமர்த்துவதுதான் ஆலோசகராக நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஒரு பரிந்துரை: பேச்சுவார்த்தைக்கு முன்பே, அவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞருக்கும் பொருளியல் வல்லுநருக்கும் ஆகும் செலவை வாடிக்கையாளர் ஏற்கட்டும். கூட்டங்களுக்கு வரும் மூத்தோரின் நேரத்துக்கும் உங்கள் நேரத்தைப் போலவே ஊதியம் உண்டு.

மலைத்தேன்:

கடலோடி சொன்ன கடைசிப் பரிந்துரையில் ஒரு திருத்தம் தேவை என்று நினைக்கிறேன். செலவை நிறுவனம் ஏற்பது சரிதான். ஆனால் அந்த வல்லுநர்களுக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கொடுத்தால், அவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்ற ஐயம் சமூகத்துக்குள் எழும். முழுத்தொகையையும் முன்கூட்டியே சமூகத்தின் கணக்கிலோ, இரு தரப்பும் ஏற்கும் நடுநிலையான மூன்றாம் தரப்பிடமோ செலுத்திவிட வேண்டும். பேச்சுவார்த்தை மறுப்பில் முடிந்தாலும் அதைத் திரும்பக் கேட்பதில்லை என்று எழுதித் தர வேண்டும்.

செந்தாழை, உங்கள் திட்ட அறிக்கையில் இதற்கென ஒரு பகுதி இருக்கட்டும். சமூகம் வேண்டாம் என்று சொன்னால் வாடிக்கையாளர் என்ன செய்வார்? இதுவரை சேர்த்த மாதிரிகளும் ஆய்வுத் தரவுகளும் யாரிடம் போகும்? அதே மூலிகையை வேறு இடத்திலிருந்து வாங்கித் தயாரிப்பைத் தொடர மாட்டோம் என்று உறுதி தருவாரா? இவற்றுக்கு அவர் கையொப்பமிட்ட பதில், அந்த மக்களைச் சந்திக்கப் புறப்படும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும்.