உதவி: படகில் இருக்கும் பழைய கார் இன்ஜின் எந்த மாடல்? (அவசரம்)

நீர்க்கோழி
வணக்கம். என் படகில் இருப்பது ஏதோ பழைய கார் இன்ஜின். ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது, புதிது வாங்க வேண்டும். கடையில் மாடல் கேட்கிறார்கள். இன்ஜின் மேல் "போமன்" என்று வார்ப்பில் இருக்கிறது. தேடினால் அந்தப் பெயரில் கார் இன்ஜினே இல்லை. சனிக்கிழமை கிளம்பணும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பானர்
எந்த ஊர்? டீசலா, பெட்ரோலா? எத்தனை சிலிண்டர்? போட்டோ போடுங்கள்.

யாழ்வள்ளம்
கேஸ்கெட்தான் போனது என்று எப்படித் தெரியும் தம்பி? கூலன்ட் குறையுதா? ஆயில் என்ன நிறம்?

பழைய இரும்பு
கேள்வி கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் எங்களுக்கு வேலை மிச்சம். போமன் பர்மிங்ஹாம் கம்பெனி. தண்ணீர் ஓடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்), ஹீட் எக்ஸ்சேஞ்சர் செய்பவர்கள். கார் இன்ஜினைப் படகில் இறக்கும்போது ரேடியேட்டருக்குப் பதிலாக இதையெல்லாம் மாட்டுவார்கள். ஆகவே வெளியே தெரிகிற பெயரெல்லாம் மாற்றிக் கட்டியவர்களுடையது, இன்ஜின் செய்தவருடையது அல்ல. அடுத்து கியர்பாக்ஸைப் பார்த்துவிட்டு "பிஆர்எம் இன்ஜின்" என்று வருவீர்கள். பிஆர்எம் என்பது கியர்பாக்ஸ் மட்டும்.

நீர்க்கோழி
கியர்பாக்ஸில் பிஆர்எம் என்றுதான் இருக்கிறது :) டீசல், 4 சிலிண்டர். நேரோபோட் (கால்வாயில் ஓடும் ஒடுக்கமான படகு), இங்கிலாந்தில் கிராண்ட் யூனியன் கால்வாய், மில்டன் கீன்ஸ் பக்கம். பச்சை பெயிண்ட். விற்றவர் கொடுத்த பேப்பரில் பேனாவால் "108" என்று எழுதியிருக்கிறது.

கடலோடி
108-ஆ? முதலிலேயே சொல்லக் கூடாதா! பெர்கின்ஸ் 4.108. 1760 சிசி, அதாவது கிட்டத்தட்ட 108 கன அங்குலம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். அருமையான இன்ஜின். கண்ணை மூடிக்கொண்டு கேஸ்கெட் ஆர்டர் செய்யுங்கள்.

ஸ்பானர்
கண்ணைத் திறந்துகொண்டே செய்யுங்கள். தார்னிக்ராஃப்ட் கம்பெனியும் ஒரு 108 விற்றார்கள், அது பிஎம்சி (பிரிட்டிஷ் கார் கம்பெனி) 1.8 லிட்டர் டீசலைப் படகுக்கு மாற்றியது. அவர்களுடைய 90 என்பது பிஎம்சி 1.5. பேனா எழுத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. பெயிண்ட்டும் ஆதாரம் இல்லை, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் தகர மூடி இரண்டு இருக்கிறதா?

நீர்க்கோழி
இருக்கிறது. ஒன்றில் ஆயில் கசிகிறது.

ஸ்பானர்
அப்போ பிஎம்சி பி சீரிஸ் குடும்பம். எம்ஜிபி காரில் இருந்த பெட்ரோல் இன்ஜினுக்கு உறவு. அந்த மூடிக்குள்தான் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இருக்கிறது. அங்கே கசிவது ஊரறிந்த சங்கதி.

கடலோடி
போட்டோ பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? நான் இன்னும் பெர்கின்ஸ் பக்கம்தான்.

பழைய இரும்பு
பி சீரிஸ் என்று தெரிந்தால் போதாது, 1.5-ஆ 1.8-ஆ என்று தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) அளக்கலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் 88.9 மில்லிமீட்டர். கடலோடியின் பெர்கின்ஸுக்கும் அதே 88.9. வித்தியாசம் போரில்தான் (bore, சிலிண்டரின் உள்விட்டம்). 1.5-க்கு 73 மி.மீ. சொச்சம், 1.8-க்கு 80 சொச்சம். மாற்றி வாங்கினால் கேஸ்கெட் உட்காராது. ஹெட்டைக் கழற்றாமல் தெரிய ஒரே வழி, பிளாக்கில் அடித்திருக்கும் நம்பர் தகடு. அந்தக் காலத்து பிஎம்சி நம்பரில் முதல் இலக்கங்கள் கொள்ளளவைச் சொல்லும். 15 என்றால் 1489 சிசி, 18 என்றால் 1798. பெயிண்ட்டைச் சுரண்டுங்கள்.

புதுப்பேட்டை
அண்ணே, பிஎம்சி 1.5 டீசல் என்றால் நம்ம அம்பாசடர்! அதே 1489 சிசி. இங்கே எந்தப் பழைய மெக்கானிக்கைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பிரித்துக் கட்டுவார். கேஸ்கெட் செட் புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கிறேன், அனுப்பலாம்.

பழைய இரும்பு
தம்பி, இங்கிலாந்தில் இதற்கு சாமான் விற்கிற படகுக் கடைகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து சனிக்கிழமைக்குள் வருமா?

வெள்ளை_அம்பி
அம்பாசடரில் 1.8-ம் வந்ததே. எங்கள் அப்பா அலுவலகத்தில் 1800 வண்டி ஓடியது. அப்போ அதுவும் பிஎம்சி 1.8 டீசல்தானே?

புதுப்பேட்டை
இல்லவே இல்லை. 1800 என்றால் இசுசு பெட்ரோல். தொண்ணூறுகளில் வந்தது. அம்பாசடர் டீசல் முதலில் பிஎம்சி 1.5, பிறகு இசுசு 2.0. நடுவில் பிஎம்சி 1.8 டீசல் கிடையாது.

வெள்ளை_அம்பி
அந்த வண்டி டீசல் போலத்தான் சத்தம் போட்டது.

புதுப்பேட்டை
சத்தம் எல்லா அம்பாசடரும் போடும். இசுசு பெட்ரோல் வண்டி மேட்டில் பறக்கும். பிஎம்சி டீசலில் ஏற்காடு ஏறினால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனிலேயே கை வைத்திருப்பார். ஆனால் மைலேஜ்...

யாழ்வள்ளம்
கார்க்கதை போதும். நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. கேஸ்கெட் போனது என்று யார் சொன்னது?

நீர்க்கோழி
யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்தேன். கூலன்ட் குறையவில்லை. ஆயில் கருப்பாக, தண்ணியாக இருக்கிறது, டீசல் வாசம் வருகிறது.

ஸ்பானர்
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாமே! தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துப்போகும். டீசல் வாசம் என்றால் டீசல்தான் சம்ப்பில் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளாக்கில் மாட்டியிருக்கும் லிஃப்ட் பம்ப் (டேங்க்கிலிருந்து டீசலை இழுப்பது). உள்ளே டயஃப்ரம் (சவ்வு) கிழிந்தால் டீசல் நேரே சம்ப்புக்குப் போகும். அதைக் கழற்றிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஷாஃப்ட் சீல். எதுவாக இருந்தாலும் ஆயிலை மாற்றும்வரை இன்ஜினை ஓட்டாதீர்கள், நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் தாங்காது. கேஸ்கெட் இப்போதைக்கு வேண்டாம்.

யாழ்வள்ளம்
அதேதான். ஆயில் மட்டம் ஏறுகிற இன்ஜினோடு சனிக்கிழமை கிளம்பிவிடாதே தம்பி.

பழைய இரும்பு
சரி, லிஃப்ட் பம்ப் என்றே வைத்துக்கொள்வோம். தகட்டை அப்போதும் பார்த்தே ஆக வேண்டும். மாடல் தெரியாமல் எந்தக் கடையிலும் பம்ப் கேட்காதீர்கள்.

நீர்க்கோழி
தகடு கிடைத்தது, பெயிண்ட்டுக்கு அடியில் இருந்தது. 15-ல் தொடங்குகிறது. கேஸ்கெட் நேற்றே ஆர்டர் செய்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ஸ்பானர்
நேற்றே என்றால் எந்த மாடலுக்கு? பம்ப்பைக் கழற்றினீர்களா?

கடலோடி
15 என்றால் பேப்பரில் 108 எப்படி வந்தது?

பழைய இரும்பு
அதற்கு முன்பு இருந்த இன்ஜினாக இருக்கும். பேப்பர் படகுக்குத்தான், இன்ஜினுக்கு இல்லை.

ஸ்பானர்
@நீர்க்கோழி பம்ப்?

புதுப்பேட்டை
15 என்றால் அம்பாசடர்தானே அண்ணே, நான் சொன்னேன் இல்லையா. லிஃப்ட் பம்ப் டயஃப்ரமும் விசாரிக்கிறேன், விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்க.