புதுப்பிப்பு: 9 கிலோ தஞ்சாவூர் ஓவியம், உதிரும் சுவர்

போன மாதம் கேட்டிருந்தேன்: மடிப்பாக்கம் ஃபிளாட்டில் அம்மா கொடுத்த தஞ்சாவூர் ஓவியம், தேக்குச் சட்டம், கண்ணாடியோடு 9 கிலோ. இரண்டு முறை ஆணி பெயர்ந்துவிட்டது, என்ன செய்வது? யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"துளை போடும்போது விழும் தூளின் நிறத்தைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் என்றால் கான்கிரீட். எங்கள் சுவரில் பூச்சைத் தாண்டியதும் அரிசி மாவு போல வெள்ளையாகக் கொட்டியது. ஏஏசி பிளாக், அதாவது உள்ளே நுண்ணிய காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்! ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவருக்குள் செருகும் சாதாரண பிளக் அதில் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஏஏசி பிளாக்குக்கென்றே விற்கும் நீளமான நைலான் பிளக் வாங்கி, டிரில்லில் ஹேமரை (தட்டித் தட்டித் துளைக்கும் வசதியை) அணைத்துவிட்டுத் துளை போட்டோம். ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு ஸ்க்ரூ. கயிற்றைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின் இருபுறமும் டி (D) வடிவ வளையம் மாட்டினோம். இப்போது படம் சாய்வதே இல்லை.

எதிர்பாராத ஒன்று: படத்தை இறக்கியபோது பின் அட்டையின் கீழ் மூலையில் கருப்புப் புள்ளிகள், கையில் ஈரம். அது மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர். நல்லவேளை, ஓவியம் வரை போகவில்லை. அட்டையை மாற்றி, வெயிலும் படாத உள்சுவருக்குக் கொண்டுபோனோம். காற்றுப் போக கீழ் மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டியிருக்கிறேன்.

உயரம்: படத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. சோபாவில் உட்கார்ந்தே அம்மா கிருஷ்ணரின் முகத்தைப் பார்க்கிறார்.