மின்சாரம் நின்று திரும்பிய பிறகு 24 வோல்ட் பவர் சப்ளை எழவே மாட்டேன் என்கிறது

கேள்வி

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கட்டடம். கதவுப் பூட்டுகளுக்கு 24 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் வகை பவர் சப்ளை) ஆறு உண்டு. ஏழு வருடமாக நிற்காமல் ஓடியவை. சென்ற ஞாயிறு வருடாந்திர மின்பராமரிப்புக்காக நான்கு மணி நேரம் மெயின் நிறுத்தப்பட்டது. திரும்பப் போட்டபோது நான்கு எழுந்தன, இரண்டு எழவில்லை.

இரண்டிலும் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, பெரிய கெப்பாசிட்டரில் 321 வோல்ட் டிசி வருகிறது. கட்டுப்பாட்டு ஐசி யூசி3842. முதல் யூனிட்டில் 7ஆம் காலில் (ஐசிக்கு மின்சாரம் வரும் கால்) வோல்டேஜ் 10க்கும் 16க்கும் நடுவே அலைகிறது, வேகமாக டிக் டிக் சத்தம், நொடிக்கு ஏழெட்டு இருக்கும். இரண்டாவதில் சத்தமே இல்லை, 7ஆம் கால் 4 வோல்ட்டிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணமா? ஐசியை மாற்றிவிடலாமா?

பதில் 1

ஐசியைத் தொடாதீர்கள் அண்ணே. நீங்கள் எடுத்த அளவுகளிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கோளாறு, ஆனால் இருப்பது ஒரே இடத்தில்.

3842 முதலில் விழிக்க 7ஆம் காலுக்கு 16 வோல்ட் வேண்டும். அதைத் தருவது 321 வோல்ட்டிலிருந்து வரும் ஸ்டார்ட்அப் ரெசிஸ்டர். அது பக்கத்திலுள்ள சின்ன கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்பும். ஐசி ஓட ஆரம்பித்ததும் டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று (தனிச் சிறு சுருள்) ஐசிக்குச் சோறு போடத் தொடங்கிவிடும், ரெசிஸ்டருக்கு அதோடு வேலை முடிந்தது. அதனால்தான் இந்த இரண்டு பாகமும் எவ்வளவு கெட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டில் வெளியே தெரியாது. ஒருமுறை நிறுத்தினால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

முதல் யூனிட்: கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஐசி ஓடும்போது ஏறக்குறைய 15 மில்லிஆம்ப் இழுக்கும். 16இலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்கும்வரைதான் உயிரோடு இருக்கும். 47 மைக்ரோஃபாரட் என்றால் 19 மில்லிநொடி கிடைக்கும், அதற்குள் துணைச் சுற்று வந்து பிடித்துக்கொள்ளும். அதே கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரடுக்கு இறங்கியிருந்தால் கிடைப்பது 4 மில்லிநொடி. போதாது, அணைந்துவிடும், திரும்ப நிரம்பும், திரும்ப அணையும்.

டிக் சத்தத்தின் வேகமும் ஒரு தடயம். 47 சரியாக இருந்தால் திரும்ப நிரம்ப அரை நொடிக்கு மேல் ஆகும், அதாவது நொடிக்கு இரண்டு டிக். அப்படி நிதானமாக அடித்தால் கெப்பாசிட்டரின் கொள்ளளவு போகவில்லை என்று அர்த்தம்; அப்போது வெளிப்பக்க டையோடு ஷார்ட்டா, துணைச் சுற்றின் டையோடு அறுந்ததா என்று பாருங்கள். உங்களுடையது நொடிக்கு ஏழெட்டு. கெப்பாசிட்டரேதான்.

இரண்டாவது: ரெசிஸ்டர் மதிப்பு ஏறியிருக்கும். 300 கிலோஓம் என்றால் 1 மில்லிஆம்ப் வரும். ஐசி எழுவதற்கு முன்பே 0.5, சிலவற்றில் 1 மில்லிஆம்ப் வரை இழுக்கும். ரெசிஸ்டர் ஒரு மெகாஓமைத் தாண்டிவிட்டால் வருவதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும், 16ஐ எட்டாது. ஒரு காலைக் கழற்றி அளந்து பாருங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. மெயின் கொடுத்து அளப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 321 வோல்ட் என்றால் 5 ஜூல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு 2.2 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து நொடி குறுக்கே பிடியுங்கள், மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மெயின் பக்கத்தில் மாட்டவே கூடாது. அந்தப் பக்கத்து மைனஸ் எர்த் அல்ல, ஆர்சிசிபி (மின்கசிவுக்கு விழும் பிரேக்கர்) விழும், கூடவே பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் டையோடு தொகுதி) போகும்.

ஐசி நல்லதா என்பதை மெயின் இல்லாமலே பார்க்கலாம். பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட் 50 மில்லிஆம்ப் வையுங்கள். பிளஸ் 7ஆம் காலுக்கு, மைனஸ் 5ஆம் காலுக்கு. மெல்ல ஏற்றுங்கள். 16ஐ ஒட்டி 8ஆம் காலில் திடீரென 5 வோல்ட் வர வேண்டும், 6ஆம் காலில் பல்ஸ் வர வேண்டும். இறக்கினால் 10 வோல்ட் அருகில் ஐசி அணைய வேண்டும். இதில் தேறினால் ஐசியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 20 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று: ஐந்து நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்து மீண்டும் போட்டதும் எழும் யூனிட் என்றால் அது பாதுகாப்பு லாட்ச் (கோளாறு கண்டதும் யூனிட்டை அணைத்துப் பூட்டிவிடும் சுற்று). பெரிய கெப்பாசிட்டர் வடிந்தால்தான் விடும். அதற்காகக் கெப்பாசிட்டர் மாற்றிப் பயனில்லை.

கேட்டவர்

கழற்றி அளந்தேன். முதல் யூனிட்டில் 47 என்று எழுதியது 9.6 காட்டுகிறது. இரண்டாவதில் 300 கிலோஓம் ரெசிஸ்டர் 1.4 மெகாஓம். பெஞ்ச் சப்ளை சோதனையில் இரண்டு ஐசியும் தேறிவிட்டன. 47க்குப் பதில் 220 போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமா?

பதில் 1

வேண்டாம். 220 நிரம்பி 16 வோல்ட் வர ஏழு நொடி ஆகும். வெளியே ஷார்ட் ஏற்பட்டால் ஒவ்வொரு முயற்சியும் நீளும், மாஸ்ஃபெட்டும் (மெயின் பக்க சுவிட்ச்) வெளிப்பக்க டையோடும் கூடுதல் அடி வாங்கும். 47 போடுங்கள், மிஞ்சினால் 68. முக்கியம் தரம்: 105 டிகிரி, 5000 மணி நேரம் அல்லது மேல், 50 வோல்ட், ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) குறைந்த வகை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு; 75 டிகிரியில் 40,000 மணி, நாலரை வருடம். நம் ஊரில் ஏர்கான் இல்லாத மூடிய பெட்டியில், ஹீட்சிங்க் ஓரத்தில் அந்த 75 சுலபமாக வந்துவிடும். கெப்பாசிட்டரை ஹீட்சிங்கிலிருந்து சாய்த்து வைக்க இடமிருந்தால் சாய்த்து வையுங்கள்.

பதில் 3

ரெசிஸ்டருக்கும் ஒரு வார்த்தை. வாட் மட்டும் பார்த்து வாங்கினால் திரும்பவும் போகும். கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும், இங்கே குறுக்கே 300க்கு மேல் நிற்கிறது. 100 கிலோஓம் மெட்டல் ஃபிலிம் மூன்றைத் தொடராகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 103 வோல்ட், 0.1 வாட். இணைப்புகளுக்கு ஸ்லீவ் போட மறக்காதீர்கள். எல்லாம் ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கிடைக்கும். சிம் லிம் ஸ்கொயரில் தேடி அலைய வேண்டாம்.

சரி செய்த பிறகு முதல் தடவை 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, வெளியே லோடு இல்லாமல் மெயின் கொடுங்கள். பல்ப் ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். நின்று எரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

எழுந்த நான்கும் அதே ஏழு வருடம் ஓடியவைதான். அடுத்த பராமரிப்புக்கு முன் அவற்றிலும் அந்தக் கெப்பாசிட்டரை மாற்றிவிடுங்கள், ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். மாற்றியதும் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டுப் பாருங்கள். சூட்டோடு போட்டால் காய்ந்த கெப்பாசிட்டரும் சில சமயம் எழுந்துவிடும், அந்தச் சோதனையை நம்ப முடியாது.