வேட்டைத் துப்பாக்கியின் ‘சைலன்சர்’: ஒலியடக்கியா, ஓசைத்தணிப்பியா?

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டு வேட்டைப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறோம். சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழல் நுனியில் மாட்டும் ‘சைலன்சர்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அப்படியே விட்டால் நம் பக்கத்து வாசகர் கண்ணில் புல்லட் வண்டிதான் வந்து நிற்கும். ‘சைலன்சர்ல கால் சுட்டுடுச்சு’ என்று சொல்லும் ஊரில் அந்தச் சொல் புகைக்குழாய்க்குப் போய்விட்டது. ‘ஒலியடக்கி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா, ‘அடக்கி’யில்தான் சிக்கல். அந்தக் கருவி எதையும் அடக்குவதில்லை.

துப்பாக்கிச் சத்தத்தில் மூன்று சத்தம் கலந்திருக்கிறது. முதலாவது, குண்டுக்குப் பின்னால் குழல்வாயிலிருந்து பீறிடும் வெடிவாயுவின் சத்தம். இரண்டாவது, ஒலியை விஞ்சிப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் சாட்டையடிச் சத்தம். மூன்றாவது, சுத்தியும் பூட்டும் அசையும் ‘கடக்’. இந்தக் கருவி கைவைப்பது முதலாவதில் மட்டும். உள்ளே வரிசையாக இருக்கும் தடுப்புத் தட்டுகளுக்கிடையே வாயு விரிந்து, சூடும் அழுத்தமும் குறைந்து, மெதுவாக வெளியேறுகிறது. அவ்வளவுதான்.

ஒலி 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் போகும். .308 வகை வேட்டைக் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும். ஆகவே இரண்டாவது சத்தம் அப்படியே இருக்கும்; குழல் நுனியில் எதை மாட்டினாலும் அது போகாது. ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைப் போட்டால் அது இருக்காது. ஆனால் குண்டின் விசையும் குறைந்துவிடும், பெரிய விலங்குக்கு அது ஆகாது. சினிமாவில் கேட்கும் ‘ப்யூ’ சத்தத்தை மறந்துவிடுங்கள்.

கணக்கு இப்படி: வெறும் குழலில் சுடுபவர் காதருகே உச்ச அளவு 160 டெசிபலைத் தாண்டும். நல்ல கருவி 20 முதல் 30 வரை குறைக்கும். 30 டெசிபல் குறைந்தால் ஒலியழுத்தம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கேட்கப் பெரிதாகத் தோன்றும், ஆனால் மிச்சம் நிற்பது 130, 140. வெடிப்பு ஓசைக்குக் காது தாங்கும் எல்லையாக வைத்திருப்பதே 140தான். மாட்டிய பிறகும் காதடைப்பான் போடச் சொல்வது இதனால்தான். ‘ஒலியடக்கி’ என்று படித்தவர் காதடைப்பானைக் கழற்றி வைப்பார். சொல்லே காதைக் கெடுக்கும். என் பரிந்துரை: ஒலித்தணிப்பி.

சிதம்பரத்திலிருந்து:

‘தணிப்பி’க்கு என் ஓட்டு. ‘ஒலி’க்கு இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர் தலைவலி இது. ஒலித்தணிப்பி ஓர் எழுத்துப் பிசகினால் ஒளித்தணிப்பி. அது வெறும் பிழையாக நின்றால் பரவாயில்லை. அப்படியும் ஒரு கருவி இருக்கிறதே! குழல்வாய்த் தீப்பிழம்பை மங்கவைக்கும் உறுப்பும் அதே நுனியில்தான் மாட்டப்படுகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும் நூலில் ல, ள வித்தியாசத்தை நம்பி உயிரோடு விளையாட வேண்டாம். நம் பேச்சிலும் பலருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். ‘ஓசைத்தணிப்பி’ என்று வைத்துக்கொள்வோம். மற்றதற்குப் பிழம்புமறைப்பி.

புதுச்சேரி, லாஸ்பேட்டையிலிருந்து:

சட்டமும் உங்கள் பக்கம்தான், அம்மா. நம் 1959 ஆயுதச் சட்டத்தில் ‘துப்பாக்கி’ என்ற சொல்லின் விளக்கத்தைப் பாருங்கள். சுடும்போது எழும் ஓசையையோ பிழம்பையோ குறைப்பதற்கான துணைக்கருவியும் துப்பாக்கியாகவே கொள்ளப்படும் என்கிறது. சைலன்சர் என்ற பேச்சே இல்லை, ‘குறைக்கும்’ என்றுதான் இருக்கிறது. அதாவது கருவி மட்டும் கையில் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி. கையேட்டின் இந்தியப் பதிப்புக்கு இதை அடிக்குறிப்பாகவே போடுங்கள். 1972 வனவுயிர்ச் சட்டப்படி இன்று இங்கே வேட்டையும் கிடையாது. ஊசுட்டேரிக் கரையில் பறவை சுடும் கள்ள வேட்டைக்கு நாம் சொல் கண்டுபிடித்துக் கொடுத்ததாக ஆகக் கூடாது. இரவுக் காவலருக்கு வெடிச்சத்தம்தான் முதல் துப்பு என்பதையும் அந்தக் குறிப்பிலேயே சேர்க்கலாம்.

‘சைலன்சர்’ விற்பனைப் பெயராகத்தான் பரவியது. ஹைரம் பெர்சி மேக்சிம் 1909இல் காப்புரிமை பெற்று அந்தப் பெயரிலேயே விற்றார். இயந்திரத் துப்பாக்கி செய்த மேக்சிமின் மகன். கார்ப் புகைக்குழாய்க்கும் இதே வழியில் ஓசை குறைத்தார், ஆகவே நம் புல்லட்காரர் சொல்வதிலும் பெரிய தப்பில்லை! இன்று பிரிட்டனில் ‘மாடரேட்டர்’ என்பார்கள், மட்டுப்படுத்துவது. ஜெர்மனியில் ‘ஷால்டெம்ஃபர்’, நேரே ஓசைத்தணிப்பிதான். நம் ஊர்ப் பிரெஞ்சுக்காரர் வாயில் ‘சிலான்சியே’ வரும். ஆனால் பிரான்சில் 2018இல் வேட்டைக்கு அனுமதி வந்த பிறகு வேட்டைக்காரர் ‘மொதெராத்தர் த சோன்’ என்றே சொல்ல விரும்புகிறார்கள்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

ஒரு ஐயம். ‘தாகம் தணிந்தது’ என்றால் தாகமே இல்லை என்றுதானே பொருள்? அப்புறம் ‘அடக்கி’க்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சிதம்பரத்திலிருந்து:

‘காய்ச்சல் தணிஞ்சிருக்கு’ என்பதற்கும் ‘காய்ச்சல் விட்டுடுச்சு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ஐயா. தணிந்தால் மாத்திரையை நிறுத்த மாட்டோம்.

ஒற்று பற்றி யாராவது கேட்பதற்கு முன்: ‘ஒலிபெருக்கி’யில் மிகவில்லை, ‘பூச்சிக்கொல்லி’யில் மிகுந்திருக்கிறது. இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகைதான். ‘ஓசைதணிப்பி’ என்று எழுதினால் ‘ஓசை தணிப்பி’ என்று பிரித்து அச்சிடுவார்கள், அதனால் ஒற்றோடு ஒட்டியே எழுதுவோம்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அப்படியானால் பராமரிப்பு அத்தியாயத்தில் போட்டுப் பார்ப்போம். சொல் நிற்குமா என்பது அங்கேதான் தெரியும்.

‘ஓசைத்தணிப்பியைத் திருகும் முன் குழல்வாய்ப் புரியைத் துடைக்கவும். புரியில் கரி இருந்தால் தணிப்பி கோணலாக உட்காரும்; குண்டு உள்தட்டில் உரசி, தணிப்பியே கிழியலாம்.’

‘தணிப்பி மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். மாட்டியபடியே குறிபார்வையைச் சரிசெய்யவும். கழற்றிச் சுடுவதானால் மறுபடி சரிபார்க்கவும்.’

‘துப்பாக்கியின் நீளமும் முன்பக்க எடையும் கூடும், புதரில் மாட்டும். பின்னுதைப்பு குறையும்.’

‘தொடர்ந்து சுட்டால் தணிப்பி சூடேறி, அதன் மேலெழும் வெப்பக்காற்று தொலைநோக்கியில் குறியை அலைய வைக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது.’

முதல் முறை முழுச்சொல், பிறகு ‘தணிப்பி’ மட்டும். தடுமாற்றம் இல்லை. ‘அடக்கி மாட்டினால்’ என்று படித்துப் பாருங்கள், குக்கர் வெயிட் மாதிரி இருக்கிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

சரி, மாற்றிவிடுகிறேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன். வெடிவாயுவில் ஈரமும் உண்டு, மாட்டியபடியே உறையில் போட்டால் குழல்வாய் துருவேறும். நம் கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே: ‘சுட்டு முடித்ததும் ஓசைத்தணிப்பியை ஆறவிட்டுக் கழற்றி, உலர்ந்த பின்பே தனியாக வைக்கவும்.’