சீ கிங் மீட்பு ஹெலிகாப்டர் மாடல்: உதிரிபாகங்களும் விவரமும் தேவை

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் விமானப்படையின் மஞ்சள் நிற சீ கிங் எச்ஏஆர்.3 மாடலை 1/72 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். பழைய கிட், கைமாறி வந்தது. வலப்பக்கக் கதவுக்கு மேலே வரும் வின்ச் (கம்பிவடத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கருவி), வால் சுழலி இரண்டும் பெட்டியில் இல்லை. யாரிடமாவது உபரியாகக் கிடந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். வால் சுழலிக்கு ஆறு இறக்கை வேண்டும். சீ கிங்கின் அமெரிக்க ரகமான எஸ்எச்-3 கிட்டில் வரும் ஐந்து இறக்கைச் சுழலி இதற்குச் சரிவராது. வின்ச் கிடைக்காவிட்டால் கம்பியை வளைத்து நானே செய்துவிடுவேன், அதற்கு அருகிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் போதும்.

இன்னொன்று, உள்பக்கம். கதவைத் திறந்த நிலையில் ஒட்டப்போகிறேன், அதனால் எல்லாமே வெளியே தெரியும். விமானிகள் இருவர், ராடாரையும் வின்ச்சையும் இயக்குபவர் ஒருவர், கம்பிவடத்தில் இறங்குபவர் ஒருவர் என நால்வர் குழு என்பது தெரியும். ராடார் மேசை எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? ஸ்ட்ரெச்சரை எங்கே வைப்பார்கள்? உள்சுவர் நிறம் என்ன? கிட்டோடு வந்த குறிப்புத்தாள் எல்லாவற்றுக்கும் 'சாம்பல்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

1978 முதல் 2015 வரை பணியில் இருந்த ரகம். நடுவில் கருவிகள் மாறியிருக்கும், ஆகவே படம் அனுப்புபவர்கள் ஆண்டையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.