ஓரமாப் போகச் சொல்கிறார்கள், ஓரம் எங்கே இருக்கிறது? டெல்டா ஊர்களில் பார்த்ததை எழுதுங்கள் (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

குடமுருட்டி

எல்லா ஊரிலும் இருக்கிற அதே வேகத்தடைதான். பள்ளிக்கூட வாசல், ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சாக்கடை, நடுவில் ஐந்தரை மீட்டர் தார் ரோடு. அரையடி உயரம், ஒன்றரை அடி அகலத்தில் புது மேடு. பள்ளி விடுகிற நேரம். கார்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சைக்கிள்கள்தான் மேட்டில் ஏறப் பயந்து, மழைத்தண்ணீர் வடிய ஓரத்தில் விட்டிருந்த ஒரு முழச் சந்தில் வரிசையாக நுழைந்தன. ஒரு பிள்ளையின் முன்சக்கரம் சாக்கடைச் சல்லடைக் கம்பிகளுக்கு நடுவே இறங்கிவிட்டது. பை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பின்னால் டவுன் பஸ். டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றதால் பிழைத்தது.

ஐ.ஆர்.சி. 99, அதாவது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வேகத்தடை விதிநூல், சொல்கிற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், வில் போல வளைவு. அதில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் போனால்தான் உடம்பு குலுங்கும். குறுகலான மேட்டில் கதை தலைகீழ். வேகமாகப் போகிற காருக்கு ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், மெதுவாகப் போகிற சைக்கிளைத்தான் தூக்கிப் போடும். மேட்டை ஓரம்வரை கொண்டுபோய்க் கடைசி ஒரு அடியைச் சரிவாக முடிக்க வேண்டும். தண்ணீருக்கு, மேட்டுக்கு முன்னாலேயே, மேடான பக்கத்தில், வடிகால் வாய் வைக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை 40 மீட்டர் முன்னால்.

சல்லடைக்கு ஒரே விதி: கம்பி ரோட்டுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். பிள்ளைகள் ஓட்டுகிற 26 அங்குலச் சைக்கிளின் டயர் 1⅜ அங்குலம், அதாவது 35 மி.மீ. கம்பி ரோடு போகிற திசையில் இருந்து, இடைவெளி அதைவிட அதிகமாகவும் இருந்தால் சக்கரம் விழத்தான் செய்யும். சட்டத்தைத் திருப்பிப் போட முடியாவிட்டால் 10 செ.மீ.க்கு ஒன்றாகப் பட்டை இரும்பைக் குறுக்கே வெல்டு வைக்கலாம். அரை நாள் வேலை.

மேலவீதி

குடமுருட்டி சொல்கிற 3.7 மீட்டர் மேடு தேரோடும் வீதிக்கு ஆகாது. டெல்டாவில் கடைத்தெருவே பெரும்பாலும் தேரோடும் வீதிதான். தேருக்கு முதல்நாள் சாயங்காலம் ஜேசிபி வந்து வேகத்தடையைப் பெயர்த்துக்கொண்டு போனது. தேர் நிலைக்கு வந்து நாலு மாதமாகியும் அந்த இடத்தில் நாலு விரல் ஆழப் பள்ளம். இரண்டு பக்கமும் கறுப்பு வெள்ளைக் கோடு அப்படியே இருக்கிறது. மேடு என்று நினைத்து வருகிறவர் பள்ளத்தில் இறங்குகிறார். முட்டியில் ரத்தத்தோடு எழுந்து போன பால்காரரைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதுதான் ஞாபகம்.

இந்த வீதிகளில் வேகத்தைக் குறைக்க மேடு வேண்டாம், வண்டி போகிற அகலத்தைக் குறைத்தால் போதும். தரையில் குழாய் உறை பதித்து அதில் கழற்றி மாட்டுகிற இரும்புக் கம்பங்கள். உறைக்கு மூடி கட்டாயம், இல்லாவிட்டால் கம்பம் எடுத்த அன்று கால் உள்ளே போகும். கம்பத்துக்குக் கம்பம் 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, சக்கர நாற்காலி நுழைய வேண்டும். 1.2 மீட்டருக்கு மேலும் போகக் கூடாது, ஆட்டோ நுழைந்துவிடும். உறையை எங்கே பதிப்பது என்பதைத் தேர்ச்சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களிடம் கேட்க வேண்டும். சக்கரம் எந்தத் தடத்தில் வரும், முக்குத் திரும்பும்போது எவ்வளவு அகலும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாக்கடை மூடியும் அப்படித்தான். தேர்ச்சக்கரத் தடத்தில் சாதாரண சிமெண்ட் பலகை போட்டால் அந்த வருடமே உடையும், அடுத்த தேர் வரை உடைந்தபடி கிடக்கும்.

குடமுருட்டி

நான் சொன்ன பள்ளிக்கூடம் தேரோடும் வீதியில் இல்லை, வாய்க்கால் கரையில் இருக்கிறது. கம்பம் நட அங்கே இடமே கிடையாது.

அரசலாறு

மேடு பள்ளத்தை விடுங்கள். ரோடே மேடாகிவிட்ட தெருவுக்கு என்ன செய்வது? ஒரு திண்ணை வீட்டில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போவது போய், இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி கீழே இறங்கி வீட்டுக்குள் போகிறார்கள். ஐப்பசி மழையில் அந்த வீட்டுப் பாட்டி வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் காலை வைத்து ரோட்டுக்கு ஏறினார். ஏறிய இடத்தில் நிற்க இடமில்லை, நேரே வண்டி வருகிற பாதை.

கணக்கு சின்னது. மேல் அடுக்கு ஒரு தடவைக்கு 4 செ.மீ. என்று வைத்தாலும் நாலு தடவையில் 16 செ.மீ. நடைபாதைக் கல்லின் உயரமே 15 செ.மீ.தான். நாலாவது தடவையில் நடைபாதை ரோட்டுக்குள் மூழ்கிவிடுகிறது, டூவீலர் தடையில்லாமல் அதில் ஓடுகிறது. 2021 மே மாதத்திலேயே, அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார்.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டியது: வாசற்படியிலிருந்து ரோட்டு மட்டம் எத்தனை செ.மீ. என்று நாலைந்து வீட்டில் அளந்து, சுவரில் பெயிண்டால் கோடு போட்டு, தேதியோடு போட்டோ. எஸ்டிமேட்டில் ‘மில்லிங்’ (பழைய அடுக்கைச் சுரண்டுவது) என்ற வரி இருக்கிறதா, எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். வேலை முடிந்ததும், செய்த வேலையின் அளவைப் பதிகிற அளவுப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, சுவர்க்கோட்டோடு ஒத்துப் பாருங்கள். மனுவில் பொதுவாக ‘சாலை சரியில்லை’ என்று எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். சென்டிமீட்டரில் எழுத வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று சொல்லியிருப்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

கோரையாறு

ராத்திரி எட்டு மணி, ஆற்றங்கரை ரோடு, விளக்கு இல்லை. ரோட்டில் காயப்போட்ட நெல்லை அள்ளிக்கொண்டு போயாகிவிட்டது. நெல்லுக்கு அண்டை கொடுத்த கருங்கல் மட்டும் வரிசையாக ரோட்டிலேயே. சைக்கிளின் டைனமோ வெளிச்சம் மெதுவாகப் போனால் மங்கிவிடும், கல்லுக்கு நாலடி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். சைக்கிளில் வந்தவர் கல் தெரிந்ததும் ஒடித்தார். ஒடித்த பக்கம் ஆறு.

வெண்ணாறு

கோரையாறு, விவசாயியைக் குற்றவாளி ஆக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல் திரும்பி வருகிறது. களம் இல்லாத ஊரில் தார் ரோடுதான் களம். குறுவை அறுப்பு மழையோடு வந்தால் வேறு வழியே கிடையாது. முதலில் ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் பக்கத்தில் சிமெண்ட் களம் கேளுங்கள்.

கோரையாறு

அவரை நான் குறை சொல்லவில்லை, கல்லைத்தான் சொல்கிறேன். களம் வருகிறவரைக்கும் இதையாவது செய்யலாம். கல்லுக்குப் பதில் பாதி மணல் நிரப்பிய சாக்கு. வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் காயப்போடக் கூடாது. ரோட்டின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆற்றுப் பக்கம், அப்போதுதான் நடக்கிறவர் ஊர்ப்பக்கம் நடக்க முடியும். இருட்டுவதற்குள் கடைசிச் சாக்கு வரை எடுத்துவிட வேண்டும்.

பாமணி

பஸ் நிறுத்தம் பற்றி யாரும் எழுதவில்லை. நிழற்குடையை வாய்க்கால் கரையில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நாலு பேர் உட்காரலாம், முன்னால் நிற்க ஒரு அடிகூட இல்லை. பஸ் ஒதுங்கி நிற்க ரோட்டோரத்தில் வெட்டிய குடைவில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, பஸ் நடுரோட்டில் நிற்கிறது. கைக்குழந்தையோடு இறங்கிய ஒரு அம்மா பஸ்ஸுக்கு முன்பக்கமாகக் கடந்தார். பஸ்ஸை முந்திய மினி லாரிக்கு அவரும் தெரியவில்லை, அவருக்கு லாரியும் தெரியவில்லை. கண்டக்டர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

குடைவு வெட்டுவதே தப்பு. உள்ளே போன பஸ் திரும்ப ரோட்டுக்கு வர யாரும் வழி விடுவதில்லை, அதனால் டிரைவர் உள்ளேயே போகமாட்டார். நடைபாதையைத்தான் பஸ் வரைக்கும் நீட்ட வேண்டும். பஸ் ரோட்டிலேயே நிற்கட்டும், ஏறுகிறவர் மேடையில் நிற்கட்டும். 15 செ.மீ. மேடையை ஒட்டி நின்றால் முதல் படியில் அரையடி குறைகிறது, முட்டிவலிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். வரிக்கோட்டுக் கடவை (ஜீப்ரா கிராசிங்) பஸ்ஸின் வாலுக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் அல்ல. முக்கில் நிறுத்தம் என்றால் முக்கைத் தாண்டித்தான்.

வெட்டாறு

வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ராத்திரி ரோடு முழுக்க ஆட்கள். காவி வேட்டி இருட்டில் தெரியாது. போன தடவை ஒரு கூட்டத்தில் லாரி வெளிச்சத்துக்குத் தெரிந்தது ஒரு சின்னப் பையனின் செருப்பில் இருந்த ஸ்டிக்கர் மட்டும்தான். அவனுக்குப் பின்னால் முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி, டிரைவர் பார்த்து, பிரேக் பிடித்து நிற்க 80 மீட்டர் வேண்டும். அதனால்:

வலது ஓரம், எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி. இடது ஓரம் நடந்தால் முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. வலது பக்கம் குருட்டு வளைவு வந்தால் மட்டும், வளைவுக்கு முன்பே எல்லாரும் நின்று சேர்ந்து கடந்து மறுபக்கம் போய், தாண்டியதும் திரும்ப வலது. ஒற்றை வரிசை. முதல் ஆளிடம் வெள்ளை விளக்கு, கடைசி ஆளிடம் சிவப்பு, கடைசி ஆள் மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒளிரும் பட்டையை முதுகில் மட்டும் ஒட்டாதீர்கள், பை மறைத்துவிடும். வலது பக்கம் நடக்கும்போது வண்டிக்காரர் பார்ப்பது முன்பக்கத்தைத்தான். கணுக்காலில் சுற்றிக் கட்டுங்கள். தாழ்த்திய விளக்கு முதலில் தொடுவது காலை, காலும் அசைந்துகொண்டே இருப்பதால் ஆள் என்று உடனே புரியும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். கால் கொப்புளத்துக்கு உட்கார வேண்டுமென்றால் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் உட்காராதீர்கள், கொஞ்சம் தள்ளியிருக்கிற கோயில் வாசலோ பெட்ரோல் பங்கோ வரட்டும். கூட வருகிற வேன் கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தால் அதை முந்துகிற வண்டி நேரே எதிர்ப்பக்கத்துக்கு வரும், அங்கேதான் நீங்கள் நடக்கிறீர்கள். வேனை இரண்டு கிலோமீட்டர் முன்னால் அனுப்பி நிறுத்தி வையுங்கள்.

மேலவீதி

வெட்டாறு எழுதியது நல்ல விஷயம், தனியாகவே போடலாம். ஆனால் வலது ஓரம் என்கிறாரே, மதகு, அதாவது வாய்க்கால்மேல் சின்னப் பாலம், வருகிற இடத்தில் என்ன செய்வது? ரோடு அகலமாகிவிட்டது, மதகு பழைய அகலத்திலேயே இருக்கிறது.

குடமுருட்டி

மதகுதான் எனக்கும் பயம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரை டிராக்டர் இடித்துவிட்டுப் போன மதகு ஒன்று இருக்கிறது. சவுக்குக் கழி இரண்டை நட்டுக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் கை வைத்துக்கொண்டுதான் சைக்கிளை நிறுத்துகிறார்கள்.

சுவர் கட்டுவதென்றால் வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே கட்ட வேண்டும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வரச் சில நாள் ஆகும், அதற்குள் கான்கிரீட் இறுகியிருக்க வேண்டும். மனு மாசியிலேயே போக வேண்டும். ஜூனில் கொடுத்தால் ‘தண்ணீர் ஓடுகிறது’ என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். கட்டும்போது சுவரின் இரு முனையிலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மஞ்சள் கறுப்புப் பட்டையும் ஒளிரும் வில்லையும் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.