‘பீற்றிக்கொள்வது’: பிரெஞ்சு பேச்சுவழக்கில் எது பொருந்தும்?

நண்பர்களே, பாரிஸ் புறநகரில் நடக்கும் ஒரு பிரெஞ்சுச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். புதுக் காலணி அணிந்து வரும் பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து அவன் தோழி ‘து தெ லா பெத்’ (ரொம்பத்தான் பீற்றிக்கொள்கிறாய் என்பது போல) என்கிறாள். அங்கேயே மூன்று நாட்களாக நிற்கிறேன்.

அதிலுள்ள ‘பெத்தே’ என்ற வினைக்கு வெடித்தல், வாயு விடுதல் இரண்டுமே பொருள். அந்தக் கொச்சை வாடையும் குத்தலும் ‘பெருமையடிக்கிறாய்’ என்பதில் துளியும் இல்லை. ‘அலட்டிக்கொள்கிறாய்’ ஓரளவு நெருங்குகிறது. ஆனாலும் மனம் நிறையவில்லை.

அவனுடைய தாத்தா இதையே ‘க்ரானே’ என்கிறார். மண்டையோட்டைக் குறிக்கும் ‘க்ரான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தலையை நிமிர்த்தி நடப்பவன் கண்முன் வருகிறான். இதற்கு ‘ஜம்பம்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். அவன் அம்மா அதே பொருளில் சொல்வது ‘ஃப்ரிமே’. மூன்று தலைமுறைக்கு மூன்று சொற்கள்! தமிழிலும் அந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும்.

பிரான்சில் வாழ்பவர்கள் உதவுங்கள். இன்றைய பதின்வயதினர் ‘ஃப்ரிமே’ என்று சொல்கிறார்களா? தோழியின் வாயில் அந்த முதல் தொடர் கேலியாக ஒலிக்குமா, வசையாகவா? உங்கள் ஊரில் பாட்டிமார் பகட்டுக்காரர்களைச் சொல்லும் பழைய தமிழ்ச் சொற்கள் இருந்தாலும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் பெரும் உதவியாக இருக்கும்.